எள்ளலும் முகமூடியும்

சிரிப்பு மனிதரை ஒன்றுபடுத்தும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. ஓர் அரங்கிலே முன்பின் அறியாதார் ஆயிரவர் கூடியிருப்பினும், மேடையில் ஒருவன் வழுக்கி விழுந்தால் ஆயிரவரும் ஒருங்கே நகைப்பர். கோபத்திற்குக் கட்சி வேண்டும். நகைக்கு அது வேண்டா என்பது அக்கருத்தின் உட்கிடை. ஆயின் நகைச்சுவை வகைகளுள் ஒன்று, எங்கே தோன்றினும் கூட்டத்தை இரண்டாகப் பிளந்தே செல்கின்றது. ஒரு சாரார் அதனை அரிய கலை என்பர். மற்றொரு சாரார் அருவருப்பு என்பர். இவ்விரு சாராரும் நெடுங்காலம் வாதிட்ட பின்னரே, சிரித்த சாராருள்ளும் பிரிவினர் பலர் உளர் என்பதும், அவர்கள் ஒன்றற்கொன்று மாறான காரணம் பற்றிச் சிரித்தனர் என்பதும் புலனாகின்றன.

நடிகன் ஒருவன் வெறுக்கத்தக்க மனிதனொருவனாகவே மாறி, அவன் வாயாற் சொல்லத்தகாதன சொல்லி, முகமூடியைச் சிறிதும் விலக்காது நடிக்கும் பாத்திர நகைச்சுவையே அவ்வகை. தன் பெயரிலேயே மேடையேறி வேடிக்கை பேசுவோன் எல்லை மீறி ஒரு சொல்லைச் சொன்னால், அடுத்த கணத்தில் ஒரு புன்னகையால் அது விளையாட்டென உணர்த்திவிடலாம். கதையாசிரியன் தன் பாத்திரத்தின் மடமையைத் தன் கூற்றாலே சுட்டிக் காட்டலாம். பாத்திரமாகவே நிற்பவனுக்கு இவ்விரு வழிகளும் அடைபட்டன. கண் சிமிட்டினால் வேடம் கலையும். சிமிட்டாவிடின் வேடத்தை மெய்யென்று கொள்வாரும் உளர். இக்கலையின் ஆற்றலும் ஆபத்தும் ஒரே இடத்திற் பிறக்கின்றன.

இவ்வாபத்துப் புதியதன்று. 1702ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலண்டனிலே, ஆசிரியர் பெயரில்லாத சிறு நூலொன்று வெளிவந்தது. இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போகாத புரொட்டஸ்தாந்துப் பிரிவினரை ஒழிப்பதற்குக் குறுக்குவழி யாது என்பது அதன் பொருள். அப்பிரிவினரின் கூட்டங்களுக்குச் செல்வோரை நாடுகடத்தவும், போதிப்போரைத் தூக்கிலிடவும் அது ஆலோசனை கூறிற்று. நூலின் நடையோ அக்காலத்துத் தீவிரத் திருச்சபையினர் பிரசங்கபீடத்தில் வழங்கிய நடையே. அக்கட்சியினருட் சிலர் நூலை மெய்யென்றே கொண்டு புகழ்ந்தனர். எழுதியவர் டானியல் டீபோ என்பது பின்னர் வெளியாயிற்று. 1719இல் 'றொபின்சன் குரூசோ'வை எழுதிப் புகழ்பெற்ற அதே டீபோ. அவர்தாமும் திருச்சபையோடு ஒவ்வாத பிரிவைச் சேர்ந்தவர். புகழ்ந்தோர் ஏமாற்றப்பட்டமையாற் சினந்தனர். அவருடைய சொந்தப் பிரிவினரோ தங்கள் தலைக்கு விலை பேசிய நூலை நகையென்று ஏற்க மறுத்தனர். 1703 ஜூலை இறுதியில் மூன்று நாள்கள் அவர் தலையும் கைகளும் தொழுமரத்தில் மாட்டப்பட்டு மக்கள் முன்னிலையில் நிறுத்தப்பட்டார். முகமூடியை மிக நன்றாகச் செய்ததே அவர் செய்த குற்றம்.

இருபத்தாறு ஆண்டுகளின் பின்னர், 1729இல், ஜொனதன் சுவிப்ற் அயர்லாந்து ஏழைகளின் குழந்தைகளைச் செல்வர்க்கு உணவாக விற்கலாம் என்று பொருளியல் அறிஞனொருவன் குரலில் எழுதினார். அதனை மெய்யென்று கொண்டு பாராட்ட ஒரு கட்சி இருக்கவில்லை. குழந்தையைத் தின்னும் கொள்கை எந்நாட்டிலும் எக்கட்சிக்கும் கொள்கையன்று. டீபோ அணிந்த முகமோ வீதியில் நடமாடிய முகம். ஆகவே, பாத்திரத்தின் சொல் எவ்வளவு கொடியது என்பதைக் கொண்டு மட்டும் இந்நகைச்சுவையின் ஆபத்தை அளத்தல் பொருந்தாது. அச்சொல்லை உள்ளத்தில் வைத்திருப்போர் அரங்கில் எத்துணைப்பேர் இருக்கின்றனர் என்பதே முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொலைக்காட்சி இவ்வரங்கை ஒரு நாடளவு பெருக்கிற்று.

1965 ஜூலையில் பி. பி. சி. தொலைக்காட்சியில் தனி நாடகமாகத் தோன்றி, 1966 ஜூன் முதல் தொடர்நாடகமாக வளர்ந்தது 'ரில் டெத் அஸ் டூ பாட்' என்பது. 'சாவு நம்மைப் பிரிக்கும்வரை' எனப் பொருள்படும் இத்தலைப்பு கிறித்தவத் திருமண உறுதிமொழியிலிருந்து எடுக்கப்பட்டது. பிரியவும் இயலாது, பொருந்தவும் இயலாது, ஒரே கூரையின்கீழ் அடைபட்ட நால்வரின் கதைக்கு இதனினும் ஏற்ற பெயர் கிடைப்பதரிது. கதை நிகழுமிடம் கிழக்கு இலண்டனில், துறைமுகத்தை அடுத்த வப்பிங். வீட்டுத் தலைவன் அல்ப் காணெற். வழுக்கைத் தலையும் மீசையும் மூக்குக்கண்ணாடியும் உடையவன். தொழிலாளியாயிருந்தும் கன்சர்வேற்றிவ் கட்சியின் அடியான். மகாராணியாரைத் தெய்வமாகக் கொள்பவன். வெஸ்ற் ஹாம் காற்பந்துக் கழகத்துக்காக உயிரையும் கொடுப்பவன். கறுப்பர், யூதர், கத்தோலிக்கர், தொழிற்கட்சியார், லிவர்ப்பூலிலிருந்து வந்த தன் மருமகன் ஆகிய யாவரையும் வாய்க்கு வந்தவாறு ஏசுவதே அவன் நாளாந்தத் தொழில். மனைவி எல்ஸை, கிழட்டுப் பசு எனப் பொருள்படும் வசையாலன்றி அவன் அழைப்பது குறைவு.

இதனை எழுதியவர் ஜோனி ஸ்பெய்ற். 1920இல் கிழக்கு இலண்டனின் கனிங் ரவுணில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர்; இடதுசாரிக் கொள்கையினர். அல்ப் காணெற்றாக நடித்த வொறன் மிற்செல் உருசிய யூதக் குடும்பமொன்றின் வழித்தோன்றல், ஒக்ஸ்போட்டில் இரசாயனம் பயின்றவர், சோஷலிஸக் கொள்கையினர். பாத்திரம் வெஸ்ற் ஹாமை வழிபட, நடிகரோ அதன் எதிர்க் கழகமாகிய ரொற்றன்ஹாமின் ஆதரவாளர். யூதரை ஏசிய வாய் ஒரு யூதரின் வாய். குடியேறியோரைத் தூற்றிய குரல் குடியேறியோர் வழிவந்த குரல். இம்முரணை அறிந்தார்க்கு அந்நாடகத்தின் ஒவ்வொரு வசையும் தன்னைத்தானே எள்ளுவதாய்த் தோன்றும். தொலைக்காட்சிப் பெட்டியோ இச்செய்தியைத் திரையில் எழுதிக் காட்டுவதில்லை.

அக்காலத்து இங்கிலாந்தின் நிலையும் ஈண்டு நோக்கற்பாலது. மேற்கிந்தியத் தீவுகள், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறுவோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1962இல் நிறைவேறியது. இனவேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கும் முதற் சட்டம், அல்ப் காணெற் முதன்முதல் திரையிற் தோன்றிய அதே 1965இல் வந்தது. 1968 ஏப்பிரில் 20ஆந் திகதி ஈனொக் பவல் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் பேமிங்ஹாமில் குடியேற்றத்திற்கெதிராக நிகழ்த்திய பேச்சு நாட்டையே கலக்கிற்று. மூன்று நாள் கழித்து இலண்டன் துறைமுகத் தொழிலாளர் அவருக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். அவ்வூர்வலத்திற் சென்றோர் அல்ப் காணெற்றின் அயலவர். கோடிக்கு மேற்பட்டோர் தம் வீட்டுக் கூடத்திலிருந்து கண்டு நகைத்த பாத்திரம், வெளியே வீதியில் ஆயிரம் உருவங்கொண்டு நடந்தது.

இந்நாடகத்தைத் தாக்கியோரை ஒரே அணியாகக் கொள்ளுதல் பிழை. மேரி வைற்ஹவுஸ் என்னும் அம்மையார் 1964இல் தொலைக்காட்சியைத் தூய்மைப்படுத்தும் இயக்கம் ஒன்றைத் தொடக்கியிருந்தார். அவருக்குப் பெருங்குறையாய்ப் பட்டன ஆபாச வசைகளும் சமயத்தை மதியாத பேச்சும். ஸ்பெய்ற் இதற்கு விடையிறுத்த முறை வேடிக்கையானது. 1967 பெப்ருவரியில் ஒளிபரப்பான பகுதியொன்றில், அல்ப் காணெற் அவ்வம்மையாரின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு கருத்தையும் மெச்சுகின்றான்! நாடகத்தின் எதிரியே நாடகத்தின் தலைவனுக்குக் குருவாயினார். முகமூடி நகையின் கூர்மையை இதனினும் விளக்க வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மற்றோரணியினரின் குறை வேறு. அல்ப் சொல்லும் வசைகளுக்கு இலக்கானோர் அவர்கள். இரவில் திரையிற் கேட்ட சொற்கள் மறுநாட் காலையில் பள்ளிக்கூட முற்றத்திலே தங்கள்மேல் வீசப்பட்டதைக் கறுப்பினத்தவரும் ஆசியரும் பலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். எறிந்த பிள்ளைகளுக்கு நாடகாசிரியரின் நோக்கம் தெரியாது. எறியுண்ட பிள்ளைகளுக்கு அது தெரிந்தும் பயனில்லை. மிற்செல்லே சொன்ன செய்தியும் ஒன்றுண்டு. வீதியிற் கண்ட சிலர் அவரை அணுகி, குடியேறியோரைச் சரியாகச் சாடினீர்கள் என்று பாராட்டுவராம். சாடியது அவர்களையன்று, உங்களையே என்று அவர் மறுமொழி கூறுவாராம். மறுமொழி நன்று. ஆயினும் ஒவ்வொரு வீட்டிற்கும் சென்று அதனைக் கூற ஒரு நடிகரால் இயலாது.

தாம் அல்ப் காணெற்றைப் படைக்கவில்லை, சமூகமே அவனைப் படைத்தது, தாம் செய்ததெல்லாம் அவனைக் கண்டவாறு எடுத்துரைத்தமையே என்பது ஸ்பெய்ற்றின் வாதம். இது பாதி உண்மை. கண்டவாறு எடுத்துரைக்கும் கண்ணாடி, இருபது நிமிடப் பேச்சிலிருந்து சுவையான மூன்றைத் தெரிந்து, காலமறிந்து வைத்து, அரங்கைச் சிரிக்கவைப்பதில்லை. அல்ப் காணெற்றின் அயலவனொருவன் மதுச்சாலையில் அதே கருத்தைப் பேசினால் கேட்போர் கொட்டாவி விடுவர். ஸ்பெய்ற் அக்கருத்துக்குத் தம் நகைத்திறன் முழுவதையும் கடனாகக் கொடுத்தார். கடன் கொடுத்தவர் அதன் விளைவுக்குத் தமக்குத் தொடர்பில்லை எனல் முறையன்று.

நகையைப் பற்றித் தமிழ் நூலார் வகுத்த இலக்கணம் இவ்விடத்திற் பெரிதும் பயன்படும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக எண்ணி, அவற்றுள் எள்ளலை முதற்கண் வைத்தார். உரைகண்ட பேராசிரியர் அவ்வெள்ளலையும் இரண்டாகப் பகுத்துக் காட்டுவர். தான் பிறரை இகழ்ந்து நகுவது ஒன்று. பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தான் நகுவது மற்றொன்று. இரண்டாவது வகையையும் நகையென்று கண்டுகொண்டமை அவ்வுரையாசிரியரின் நுண்மதிக்குச் சான்று. இகழப்பட்டவன் சினவாது நகுவானாயின், அவன் தன்னைத் தான் கண்டுகொண்டான் என்பது பொருள்.

இப்பகுப்பை வைத்து அல்ப் காணெற்றின் அவையை நோக்கினால் மூவகையினர் தென்படுவர். அல்புடன் சேர்ந்து குடியேறியோரைப் பார்த்துச் சிரித்தோர் ஒரு வகை. அது முதல்வகை எள்ளல் என்பது வெளிப்படை. அல்பில் தம் தந்தையையோ மாமனையோ தம்மையோ கண்டு, நாணங்கலந்து சிரித்தோர் மற்றொரு வகை. அது பேராசிரியர் கூறிய இரண்டாவது எள்ளல். மூன்றாம் வகையினரே பெரும்பாலும் கவனிக்கப்படாதோர். அவர்கள் கற்றோர், அல்பின் கருத்துகளை அடியோடு வெறுப்போர், ஆகவே அவனைக் கண்டு உரக்கச் சிரித்தோர். தம் சிரிப்பே நாடகாசிரியர் வேண்டிய செம்மையான சிரிப்பென்று அவர்கள் எண்ணினர். ஆயின், அதுவும் தான் பிறரை இகழ்ந்து நகும் முதல்வகையே அன்றோ? கல்வி வாய்ப்பில்லாத தொழிலாளி ஒருவனின் கொச்சைப் பேச்சைக் கேட்டு, நாம் இவனல்லோம் என்று மகிழும் மேட்டிமை அதில் உண்டு. அல்ப் குடியேறியோருக்குச் செய்ததை அவர்கள் அல்புக்குச் செய்தனர். ஸ்பெய்ற் தேடியது இரண்டாவது சிரிப்பாயின், அவருக்குக் கிடைத்ததிற் பெரும்பங்கு மற்றை இரண்டுமே என ஐயுற இடமுண்டு.

இவ்வையம் வெறும் ஊகமாய் நின்றுவிடாது ஆராய்ச்சிக்கு உட்பட்டது அமெரிக்காவிலே. ஸ்பெய்ற்றின் நாடகத்தைப் பற்றி அறிந்த நோர்மன் லியர், தம் தந்தையாரையே அப்பாத்திரத்திற் கண்டார். அவர் தந்தையாரும் மனைவியை வாயடக்கும் இயல்பினர். மகனோடு ஓயாது வாதிட்டவர். லியர் உரிமையைப் பெற்று அமெரிக்கச் சூழலுக்கேற்ப அமைத்த நாடகம் 'ஓல் இன் த பமிலி'. ஏ. பி. சி. நிறுவனம் இரண்டு மாதிரிப் படங்களைத் தயாரிப்பித்தும் அஞ்சிக் கைவிட்டது. சி. பி. எஸ். நிறுவனம் 1971 ஜனவரி 12ஆந் திகதி அதனை ஒளிபரப்பியபோது, மனிதரின் பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் நகைச்சுவையால் வெளிச்சமிட்டுக் காட்டுவதே நோக்கம் என்ற முன்னறிவிப்பையும் சேர்த்தது. நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்கர் என்னும் தொழிலாளியாகக் கரல் ஓகொனர் நடித்தார். நாடகம் தொடர்ந்து ஐந்து பருவங்கள் அமெரிக்காவின் முதன்மை நிகழ்ச்சியாய் விளங்கிற்று. 1979 வரை நடைபெற்றது. 1972ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில் ஆர்ச்சி பங்கரை ஜனாதிபதியாக்குக என்னும் வாசகம் சட்டைகளிலும் மோட்டார் வண்டிகளிலும் காணப்பட்டது. அதனை அணிந்தோருள் விளையாட்டாக அணிந்தோர் எவர், மெய்யாக அணிந்தோர் எவர் என்று பிரித்தறிதல் எளிதன்று.

நாடகம் தொடங்கிய ஆண்டிலேயே மிகக் கூர்மையான கண்டனத்தை எழுதியவர் லோரா ஹொப்சன் என்னும் எழுத்தாளர். யூதரல்லாத பத்திரிகையாளனொருவன் யூதனைப்போல் நடித்துச் சமூகத்தின் வெறுப்பைக் கண்டறியும் கதையை 1947இல் நாவலாக எழுதியவர் அவர். ஆகவே முகமூடியின் பயனை அறியாதவரல்லர். ஆர்ச்சி கூறும் வசைகள் கொடியன என்பதன்று அவர் குறை. போதிய அளவு கொடியன அல்ல என்பதே! மெய்யான இனவெறியன் யூதரையும் கறுப்பரையும் குறிக்க வழங்கும் மிகக் கொடிய சொற்களை விடுத்து, காரம் குறைந்த சொற்களையே ஆர்ச்சி வழங்குகின்றான். இவ்வாறு வெறுப்பின் நாற்றத்தை நீக்கி, வெறியனை அன்புக்குரிய கிழவனாக்கி வீடுதோறும் அனுப்புவது தீங்கு என்று 1971 செப்டெம்பரில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் அவர் வாதிட்டார். அடுத்த மாதமே லியர் விடையளித்தார். தப்பெண்ணம் அரக்கரிடத்து மட்டும் வாழ்வதன்று. பிள்ளைகளை நேசிக்கும் தந்தையரிடத்தும் வாழ்வது. ஆகவே அன்புக்குரியவனாய் இருப்பதே ஆர்ச்சியின் உண்மை என்பது அவ்விடையின் சாரம். இவ்விருவரின் வாதமும் இன்றுவரை இத்துறையில் எழும் எல்லா வாதங்களுக்கும் தாய் எனலாம். ஒருவர் அவையைக் கருதிப் பேசினார்; மற்றவர் பாத்திரத்தைக் கருதிப் பேசினார். அதனாலேயே இருவரும் உண்மை பேசியும் உடன்படவில்லை.

1974இல் நீல் விட்மர், மில்ற்றன் றோக்கீச் என்னும் உளவியலாளர் இருவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அமெரிக்க உயர்பள்ளி மாணவர் 237 பேரும் கனடாவைச் சேர்ந்த வளர்ந்தோர் 130 பேரும் அதற்கு உட்பட்டனர். தப்பெண்ணம் மிகுந்தோரும் குறைந்தோரும் நாடகத்தை ஏறத்தாழ ஒரேயளவு சுவைத்தனர். ஆயின் ஆர்ச்சியை மெச்சுவதிலும், வாதத்தில் இறுதியாக வெல்பவன் ஆர்ச்சியே என்று காண்பதிலும் தப்பெண்ணம் மிகுந்தோர் முன்னின்றனர். ஒரே காட்சி, ஒரே சொல், ஒரே சிரிப்பொலி. ஒருவர் கண்ணுக்கு மாமன் தோற்கின்றான், மற்றவர் கண்ணுக்கு மருமகன் தோற்கின்றான். நாடகம் எவருடைய தப்பெண்ணத்தையும் புதிதாக வளர்த்தது என்று இவ்வாராய்ச்சி நிறுவவில்லை. அவ்வாறு கூறுவோர் அதனை மிகைபடக் கூறுவோரே. நகைச்சுவை தப்பெண்ணத்தைக் கரைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதே அது காட்டியது.

முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் நிலை மாறவில்லை. ஸ்ரீபன் கோல்பேர்ட் என்னும் அமெரிக்க நடிகர் 2005 முதல் 2014 வரை, அகம்பாவம் மிக்க வலதுசாரி அரசியல் விமர்சகனாக முகமூடியணிந்து நாள்தோறும் நிகழ்ச்சி நடத்தினார். 332 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2009இல் வெளிவந்த ஆராய்ச்சியில், இடதுசாரிகளும் வலதுசாரிகளும் அவரை ஒத்த அளவிற் சுவைத்தனர் என்பதும், அவர் வேடிக்கைபோல் நடிப்பினும் உள்ளத்தில் நம்புவதையே பேசுகின்றார் என்று கொள்வதில் வலதுசாரிகள் முற்பட்டனர் என்பதும் தெரியவந்தன.

இவ்வாறாயின், முகமூடி நகையைக் கையாளுவோன் செய்யக்கூடியது யாது? அவையை மாற்ற அவனால் இயலாது. மேடையிற் பாத்திரத்தைச் சுற்றி எவரை நிறுத்துவது என்பது அவன் கையில் உண்டு. அல்ப் காணெற்றின் வீட்டில் மருமகன் மைக் இடதுசாரி, ஆயின் வேலையற்றவன், மாமன் வீட்டில் உண்டுகொண்டே புரட்சி பேசுபவன். அவன் குரலும் உரத்தது, வாதமும் வாய்ப்பாடு. நல்ல சொற்களெல்லாம் அல்புக்கே போய்ச் சேர்ந்தன. அவ்வீட்டில் அல்பை உண்மையில் வென்றவள் எல்ஸ். டண்டி நிக்கல்ஸ் என்னும் நடிகையார் அப்பாத்திரத்தில் அசையாது அமர்ந்திருந்து, அல்பின் நெடும்பேச்சு உச்சியை அடைந்த தருணத்தில் ஒரு சிறு சொல்லை இடுவார், கோபுரம் சரியும். கொள்கை பேசாத அவளிடம் தோற்றபோதே அல்ப் மெய்யாகத் தோற்றான்.

அமெரிக்க நாடகம் இதனை மேலும் வளர்த்தது. ஆர்ச்சியின் அயல்வீட்டுக் கறுப்பின இளைஞன் லயனல், ஆர்ச்சி எதிர்பார்க்கும் கொச்சை மொழியிலேயே வேண்டுமென்று பேசி, அவன் அறியாவண்ணம் அவனைப் பந்தாடுவான். இங்கே எள்ளப்படுவோனும் ஒரு முகமூடி அணிகின்றான். அவையோ இரண்டையும் காண்கின்றது. 1972 பெப்ருவரியில் ஒளிபரப்பான பகுதியொன்றில் சமி டேவிஸ் என்னும் புகழ்பெற்ற பாடகர் ஆர்ச்சியின் வீட்டிற்கு வருகின்றார். அவர் கறுப்பர், யூத சமயத்தைத் தழுவியவர், ஆகவே ஆர்ச்சியின் இரு வெறுப்புக்கும் ஒருங்கே உரியவர். ஆர்ச்சியோ அவர் புகழில் மயங்கி நிற்கின்றான். விடைபெறும் நேரத்தில் நிழற்படம் எடுக்கும் கணம் பார்த்து டேவிஸ் அவன் கன்னத்தில் முத்தமிடுகின்றார். சொல்லால் வெல்லமுடியாத ஒருவன் வாயடைத்து நிற்கும் அக்காட்சியில், தப்பெண்ணம் மிகுந்த பார்வையாளனும் ஆர்ச்சி வென்றான் என்று கூறுதல் அரிது.

இதற்கு மறுதலையையும் ஸ்பெய்ற்றே எழுதிக் காட்டினார். 1969இல் அவர் எழுதிய 'கறி அன் சிப்ஸ்' என்னும் தொடரில், அயர்லாந்து வழியும் பாகிஸ்தான் வழியும் கலந்த குடியேறி ஒருவனாக ஸ்பைக் மிலிகன் முகத்திற் கபிலநிறம் பூசி நடித்தார். மிலிகன் இந்தியாவிற் பிறந்தவர். மேதை எனத்தகும் நகைநடிகர். தொழிற்சாலையில் எல்லாரும் அவ்வேடத்தை நோக்கி வசை பொழிவர். எள்ளப்படுவோன் அங்கே மேடையில் இருப்பதுபோற் தோன்றினும், உண்மையில் இல்லை; அவன் முகமே மற்றொருவரின் பூச்சு. விடையிறுக்க வேண்டியவனுக்கு இடமில்லாத அரங்கிற் சிரிப்பு ஒரே திசையிற்றான் ஓடும். ஆறு பகுதிகளோடு அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியது கண்டனத்துக்கு அஞ்சிய அதிகாரமே ஆயினும், கலையின் கணக்கிலும் அத்தொடர் அல்ப் காணெற்றுக்கு நெடுந்தூரம் தாழ்ந்தது. 1985இல் ஸ்பெய்ற் அல்பை மீண்டும் கொணர்ந்தபோது, நோயுற்ற எல்ஸைப் பராமரிக்க அவ்வீட்டிற்கு வரும் வின்ஸ்ரன் என்னும் கறுப்பின இளைஞனைப் படைத்தார்; ஈமன் வோக்கர் என்னும் கறுப்பின நடிகரே அப்பாத்திரத்தில் நடித்தார். அல்ப் அவனை ஏசுவான், ஆயின் அவனின்றி வீடு நடவாது, வின்ஸ்ரனுக்கும் நாவுண்டு. இருபது ஆண்டு வாதங்களிலிருந்து ஸ்பெய்ற் கற்றது இது போலும்.

விடையிறுப்போர் யார் என்னும் இக்கேள்வி, மேடையையும் சுவரையும் விட்டு முகமூடி வெளியே இறங்கியபோது இன்னும் கூர்மையடைந்தது. சாஷா பரன் கோஹன் என்பவர் பிரித்தானிய யூதர். கேம்பிறிட்ஜில் வரலாறு பயின்றவர். அவர் படைத்த போராற் என்னும் பாத்திரம் கஸகஸ்தானிலிருந்து வந்த தொலைக்காட்சி நிருபன், யூதரை அஞ்சி வெறுப்பவன், பெண்டிரை மதியாதவன். அவன் தாய்மொழியாகப் பேசுவதிற் பெரும்பகுதி உண்மையில் எபிரேய மொழி என்பது அறிந்தார்க்கு மட்டும் வைத்த நகை. இவனுக்கு எதிரே நிற்போர் நடிகரல்லர். நடிப்பென்று அறியாத மெய்யான மனிதர். 2004இல் ஒளிபரப்பான காட்சியொன்றில், அரிசோனா மாநிலத்து ரூசன் நகரின் மதுச்சாலையொன்றில் யூதரைக் கிணற்றில் எறியச் சொல்லும் பாட்டொன்றை அவன் பாட, கூடியிருந்தோர் கைதட்டிச் சேர்ந்து பாடினர். யூதர் நலங்காக்கும் அமெரிக்கச் சங்கம் ஒன்று, பார்ப்போருட் பலர் இதன் உட்குறிப்பை உணராதுபோகக் கூடும் என்று கடிதம் எழுதிற்று. வெறுப்பினும் அலட்சியமே அக்காட்சியில் வெளிப்பட்டது என்பது கோஹனின் விளக்கம். வெளிநாட்டு விருந்தினன் மனம் கோணலாகாது என்ற உபசார எண்ணமும் அங்கே சிலரிடம் இருந்திருக்கலாம். அவ்வுபசாரம் எதற்கெல்லாம் உடன்படும் என்பதே அச்சத்துக்குரியது.

கஸகஸ்தான் என்னும் நாடோ போராற் காட்டும் நாட்டோடு பெயரளவிலன்றி ஒத்ததன்று. அந்நாட்டு வெளிவிவகார அமைச்சு 2005 நவம்பரில் சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக எச்சரித்தது. 2006இல் திரைப்படம் வெளிவந்து உலகெங்கும் ஓடிற்று. அடுத்த ஆண்டு கோஹனுக்குச் சிறந்த நகைநடிகருக்கான கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. பின்னர் அரசின் மனம் மெல்ல மாறியது. 2020இல் இரண்டாவது படம் வெளிவந்த வேளையில், அந்நாட்டுச் சுற்றுலாத் துறையினர் போராற் அடிக்கடி கூறும் 'மிக நன்று' என்ற ஆங்கிலத் தொடரையே தம் விளம்பர வாசகமாக எடுத்துக்கொண்டனர். பேராசிரியர் கூறிய இரண்டாவது எள்ளல் அரசாங்கமொன்றின் வடிவில் தோன்றிய அரிய நிகழ்ச்சி இது. எள்ளப்பட்டோன் தானும் நகுவதற்கு வலிமை வேண்டும். கஸகஸ்தானிடம் அமைச்சும் தூதரகமும் விளம்பரப் பணமும் இருந்தன.

திரைப்படத்திற் கஸகஸ்தான் கிராமமாகக் காட்டப்பட்டது, உண்மையில் ருமேனியாவிலுள்ள குளோட் என்னும் ஊர். மிக வறிய றோமா இன மக்கள் வாழும் இடம் அது. தங்கள் வறுமையைப் பற்றிய ஆவணப்படம் என்று தங்களுக்குக் கூறப்பட்டதாகவும், படத்தில் தாங்கள் எவ்வாறு காட்டப்படுவோம் என்பது தெரியாதென்றும் அவ்வூரார் முறையிட்டனர். படத்தயாரிப்பாளர் அதனை மறுத்தனர். ஊரார் சார்பில் நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்கொன்றும் தொடுக்கப்பட்டது. அது வெற்றி பெறவில்லை.